யோர்க்குக்கு அரை நாள் காணாது

இலண்டனில் வசிக்கும் என் மருமகன் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்துப் பயணத் திட்டத்தை வாசித்துக் காட்டினான். வருகின்ற மார்ச் மாதத்தில் அக்காவும் நானும் இங்கிருந்து புறப்படுவதாக இருக்கிறோம். அக்கா என்றால் அவனுடைய தாய். அறுபதைக் கடந்தவர், முழங்கால் வருத்தக்காரர்.

"இலண்டன் நாலு நாள், ஒக்ஸ்போர்ட் ஒரு நாள், எடின்பரோ ரெண்டு நாள். போற வழியிலை யோர்க்கிலை இறங்கி ஏறலாம். அதுக்கு அரை நாள் காணும் மாமா" என்றான்.

காணாது என்றேன். ஏன் என்று கேட்டான். தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொல்ல முடியாமற் போனதையும், இங்கிலாந்துக்குச் செல்லவிருக்கும் வாசகர்களுக்கும் அங்கேயே ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் இந்நகரை எட்டிப் பாராத வாசகர்களுக்கும் சொல்ல விரும்புவதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த அரை நாளை நான் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் இளவேனிலில் ஒரு பயிற்சிப் பட்டறைக்காக இங்கிலாந்து சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்களை ஒரு வாகனத்தில் ஏற்றி யோர்க்குக்கு அழைத்துச் சென்றார்கள். மொத்தம் மூன்று மணித்தியாலம். பேராலயத்தின் முன் நின்று படம் எடுத்தோம். ஷாம்பிள்ஸ் என்ற ஒடுங்கிய தெருவில் முண்டியடித்து நடந்தோம். தேநீர் குடித்தோம். திரும்பும் வழியில் வாகனத்தின் கண்ணாடிக்கு வெளியே, புல் மூடிய ஒரு மண்மேட்டின் உச்சியில் கற்கோபுரம் ஒன்று தெரிந்தது. மேட்டின் சரிவெல்லாம் மஞ்சள் நிற டஃபடில் மலர்கள். அது என்னவென்று கேட்டேன். பழைய கோட்டை என்றார் எங்களை அழைத்துச் சென்றவர். வாகனம் நிற்கவில்லை. சரிந்த கோணத்தில் ஓடும் வாகனத்திலிருந்து எடுத்த அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அம்மேட்டில் என்ன நடந்தது என்பதைக் கொழும்புக்குத் திரும்பிய பின்னரே புத்தகத்தில் வாசித்து அறிந்தேன். தொழிலால் செய்தியாளனாக இருந்துகொண்டு, ஒரு பெருஞ்செய்தியின் அருகாகப் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன் என்ற வெட்கம் இன்றுவரை தீரவில்லை.

யோர்க்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 71இல் உரோமர் இங்கே ஒரு படைக்கோட்டையைக் கட்டி எபோராக்கம் என்று பெயரிட்டார்கள். செப்டிமியஸ் செவரஸ் என்ற பேரரசர் 211இல் இங்கேதான் இறந்தார். 306இல் கொன்ஸ்தந்தைனை அவருடைய படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இங்கேதான். 866இல் வைக்கிங்குகள் கைப்பற்றி யோர்விக் என்று அழைத்தார்கள். 1066இன் பின்னர் நோர்மானியர் வந்து இரண்டு கோட்டைகளை எழுப்பினார்கள். இன்று நாம் காணும் மதிலின் பெரும்பகுதி 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. ஏறத்தாழ 3.4 கிலோமீற்றர் நீளம். இங்கிலாந்தின் நகர மதில்களுள் இந்தளவுக்கு முழுமையாக எஞ்சியது வேறில்லை.

இத்தனையும் இருக்க, அரை நாள் பயணி பார்ப்பது என்ன? ஷாம்பிள்ஸ் தெருவைத்தான். அது முற்காலத்தில் இறைச்சிக் கடைக்காரர்களின் தெரு. இன்று மந்திரக்கோல் விற்கும் கடைகளின் தெரு. ஒரு புகழ்பெற்ற மாயாஜாலக் கதையில் வரும் கடைத்தெருவுக்கு இதுவே மாதிரி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கதையை எழுதியவரே மறுத்த பின்பும் கூட்டம் குறையவில்லை. அதே தெருவில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மனைவியாக வாழ்ந்தவர் மார்கரெட் கிளித்தரோ. கத்தோலிக்கக் குருமாரை வீட்டில் மறைத்து வைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டபோது, வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்பதற்காக அவர் எந்தப் பதிலும் கூற மறுத்தார். பதில் கூற மறுப்பவருக்கு அக்காலச் சட்டம் விதித்த தண்டனை பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச் 25ஆம் திகதி, ஒரு கதவை அவர்மேல் கிடத்தி அதன்மேல் கற்களை ஏற்றிக் கொன்றார்கள். 1970இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் நினைவாகத் தெருவின் 35ஆம் இலக்க வீட்டில் ஒரு சிறு ஆலயம் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு உண்மையில் அதுவன்று என்றே இப்போது கருதப்படுகிறது. ஆயினும் உள்ளே சென்று இரண்டு நிமிடம் அமர்வதில் தவறில்லை. எங்கள் கத்தோலிக்க வாசகர்கள் மந்திரக்கோல் கடைகளைத் தாண்டி அந்தக் கதவைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இருட்டிய பின் பேய் உலாக்கள் தொடங்குகின்றன. கறுத்த மேலங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒருவர் முன்னே நடக்க, காசு கொடுத்தவர்கள் பின்னே நடக்கிறார்கள். தலையில்லா வீரன், சாம்பல் நிறப் பெண் என்று கதைகள் நீளும். பொழுதுபோக்குத்தான், எனக்கு வழக்கில்லை. ஆனால் கற்பனை மரணங்களுக்கு இவ்வளவு கிராக்கி உள்ள ஒரு நகரில், நிகழ்ந்த மரணங்களின் இடத்தை வாகனத்திலிருந்து சுட்டிக்காட்டவே ஆள் இல்லாமற் போனதை நான் என் கண்ணால் கண்டவன்.

ஆகவே என் திட்டம் வேறு. இரண்டு இரவுகள். இலண்டன் கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து விரைவுப் புகையிரதத்தில் ஏறினால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் யோர்க். பயணச்சீட்டைச் சில வாரங்களுக்கு முன்னரே வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். அன்றைய தினம் நிலையத்தில் நின்று வாங்குபவர் மலைத்துப் போவார். ஓகஸ்ட்டில் குதிரைப் பந்தயக் காலத்திலும் டிசெம்பரில் நத்தார்ச் சந்தைக் காலத்திலும் தங்குமிட வாடகை ஏறிவிடும். ஊஸ் ஆறு குளிர்காலத்தில் கரை மீறுவது வழமை. 2000ஆம் ஆண்டிலும் 2015 டிசெம்பரிலும் நகரின் ஒரு பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. மார்ச் குளிராகத்தான் இருக்கும். ஆனாலும் நான் மார்ச்சையே தெரிவு செய்கிறேன். காரணம் பின்னால் வரும்.

முதல் நாளை மதிலுக்குக் கொடுக்க வேண்டும். ஏறி நடக்கக் கட்டணம் இல்லை. காலையில் திறந்து பொழுது சாயும்போது மூடுவார்கள். பனி உறைந்தால் திறக்கமாட்டார்கள். சில இடங்களில் உட்பக்கம் கைபிடிக் கம்பி கிடையாது, குழந்தைகளோடு செல்பவர்கள் கவனம். நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் மிக்கல்கேற் பார் வரும். யோர்க்கில் "பார்" என்றால் மதில் வாயில். "கேற்" என்றால் தெரு, வைக்கிங்குகள் விட்டுச்சென்ற சொல். இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாத பயணி இல்லை. மிக்கல்கேற் அரசர்கள் நுழையும் வாயில். துரோகிகள் என்று தீர்க்கப்பட்டவர்களின் தலைகளைக் குத்தி வைத்ததும் அதே வாயிலின் மேல்தான். 1460இல் வேக்ஃபீல்ட் போரில் வீழ்ந்த யோர்க் கோமகனின் தலை அவ்வாறு வைக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவ்வழக்கம் நீடித்தது என்பதை அறிந்தபோது, மத்திய காலம் எங்கே முடிந்தது என்ற என் பாடசாலைக் கணக்கு குழம்பிப்போயிற்று.

அங்கிருந்து வடகிழக்காக மதிலில் நடந்தால் ஒரு பக்கம் புகையிரத நிலையம், எதிரே ஆற்றுக்கு அப்பால் பேராலயத்தின் கோபுரங்கள். படம் எடுப்பதானால் இங்கே எடுங்கள். லெண்டல் பாலத்தில் மதில் அறுகிறது. ஆற்றைக் கடந்தால் நூதனசாலைப் பூங்காவில் உரோமர் கட்டிய பல்கோணக் கோபுரத்தின் அடிப்பாகம் நிற்கிறது. பூதம் பாரில் மீண்டும் ஏறி மொங் பார் வரை நடக்கும் பகுதி எல்லாவற்றிலும் அழகானது. பேராலயத்தின் பின்புறமும் குருமாரின் தோட்டங்களும் காலடியில் கிடக்கும்.

இந்த மதில் தானாகத் தப்பிப் பிழைத்ததென்று நினைத்துவிடக் கூடாது. 1800ஆம் ஆண்டில் இதனை இடித்துத் தள்ள மாநகர சபையே முயன்றது. பராமரிப்புச் செலவு, வண்டிகளுக்கு இடைஞ்சல் என்பன காரணங்கள். 1820களிலும் 30களிலும் மூன்று பெருவாயில்களின் முன்னால் நீண்டிருந்த காவற்கூடுகள் இடிக்கப்பட்டன. நான்காவதான வோல்ம்கேற் பாரில் மட்டும் அது எஞ்சியது. இங்கிலாந்தில் நகர வாயில் ஒன்றின் முன் அவ்வாறான கூடு இன்று வேறெங்கும் இல்லை. யோர்க்கில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி போன்றவர்கள் விடாது எதிர்த்திராவிட்டால் அதுவும் போயிருக்கும். எட்டிக்கு நகரின் ஓவியக்கூடத்தின் முன்னால் சிலை இருக்கிறது. இடிக்க முயன்ற சபை உறுப்பினர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

மொங் பாரைத் தாண்டியதும் நடையின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மதிலின் வெளிப்புறம் ஓடும் தெருவுக்கு ஜூபரி என்று பெயர். அப்பால் ஒரு பல்பொருள் அங்காடியும் அதன் வாகனத் தரிப்பிடமும். மத்திய கால யோர்க் யூதர்களின் மயானம் அதுவே. அங்காடி கட்டப்படுவதற்கு முன் 1982, 83இல் அங்கே அகழ்ந்தபோது ஏறத்தாழ 500 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. 1984இல் அவை அருகிலேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. மதிலுக்குள் வீடு, மதிலுக்கு வெளியே சவக்குழி. மேலே நின்று இரு பக்கமும் பார்த்தால் புத்தகம் எதுவும் இல்லாமலே இது விளங்கும்.

லேயர்தோர்ப்பில் மதில் மறைந்துவிடும். இடிந்து போனதன்று. அங்கே மதில் என்றுமே இருக்கவில்லை. முதலாம் வில்லியம் ஃபொஸ் ஆற்றை அணைகட்டி மறித்ததால் உண்டான சதுப்பும் நீரும் காவலுக்குப் போதும் என்று விட்டுவிட்டார்கள். இன்று நீர் வற்றி வீதியும் கடைகளும் வந்துவிட்டன. சுவாரசியமற்ற அந்தத் துண்டை வேகமாக நடந்து கடந்தால் செங்கல்லாலான சிவப்புக் கோபுரமும், பின்னர் வோல்ம்கேற் பாரும் வரும். மதில் மீண்டும் ஆற்றை அடைந்து முடியும் இடத்தில் பாலத்தைக் கடந்தால் எதிரே அந்த மண்மேடு. கிளிஃபர்ட் கோபுரம். 2006இல் வாகனத்திலிருந்து நான் படம் எடுத்தது இதைத்தான்.

1190 மார்ச்சில் நடந்ததை அறிந்துகொண்டே அதன் முன் நிற்க வேண்டும். முதலாம் ரிச்சர்ட் மன்னன் 1189 செப்டெம்பரில் முடிசூடியபோது வெஸ்ட்மின்ஸ்டரிலும் இலண்டனிலும் யூதர்கள் தாக்கப்பட்டார்கள். யோர்க்கிலிருந்து மன்னனுக்குக் காணிக்கையோடு சென்றிருந்த பெனடிக்ட் என்ற யூதப் பெரியவர் அதில் காயமுற்று, வலிந்து ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டு, ஊர் திரும்பும் வழியில் இறந்தார். சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய காலம். மன்னனும் நாட்டில் இல்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லின், நோர்விச், ஸ்டம்ஃபர்ட் என்று நகரத்துக்கு நகரம் வன்முறை பரவி யோர்க்கை எட்டியது. பெனடிக்டின் வீடு முதலில் தாக்கப்பட்டது, உள்ளே இருந்த அவருடைய மனைவியும் மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். ஜோஸ் என்பவரின் தலைமையில் எஞ்சியவர்கள் அரச கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். யூதர்கள் மன்னனின் நேரடிப் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்பது அக்காலச் சட்டம்.

கோட்டைக் காவலர் ஒரு வேலையாக வெளியே சென்று திரும்பியபோது, அவர் தங்களைக் காட்டிக் கொடுத்துவிடுவார் என்று அஞ்சி உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. அவர் மாகாண அதிகாரியிடம் முறையிட்டார். மன்னனின் கோட்டையை மீட்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவிட்டார். கும்பலுக்கு அது போதுமாக இருந்தது. பின்னர் அதிகாரி தன் உத்தரவை எண்ணி வருந்தியும் கூட்டத்தைத் திருப்ப முடியவில்லை. முற்றுகை சில நாள் நீடித்தது. மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு, இனித் தப்ப வழியில்லை என்ற நிலையில், ஜுவான்யி என்ற பிரெஞ்சு ஊரைச் சேர்ந்த ரபி யோம் தோவ் என்ற அறிஞரின் சொற்படி பெரும்பாலானோர் தம் மனைவி பிள்ளைகளைத் தாமே கொன்று தாமும் மடிந்தார்கள். கோபுரத்துக்கும் தீ வைக்கப்பட்டது. உடன்படாத சிலர் மறுநாட் காலை, மதம் மாறினால் உயிர்ப்பிச்சை என்ற வாக்குறுதியை நம்பி வெளியே வந்தார்கள். அவர்களும் கொல்லப்பட்டார்கள். மொத்தம் சுமார் 150 பேர்.

ஒரு திருத்தத்தையும் இங்கே குறித்துவிட வேண்டும். பயணக் குறிப்புகள் பலவற்றில், இன்று நிற்கும் கற்கோபுரத்துக்குள்தான் அவர்கள் இறந்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கும். 1190இல் மேட்டின்மேல் இருந்தது மரத்தாலான கோபுரம். அது எரிந்துபோயிற்று. கற்கோபுரம் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. மேடு ஒன்றே பழையது.

அன்று அந்தக் கும்பல் அடுத்ததாக எங்கே போனது என்பதுதான் பத்திரிகைக்காரனாகிய என்னை இந்தக் கதையோடு கட்டிப்போட்டது. நேரே பேராலயத்துக்குப் போனார்கள். யூதர்களிடம் பெற்ற கடன்களுக்கான பத்திரங்கள் அங்கே பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. காவலர்களை மிரட்டி அவற்றைப் பறித்து, ஆலயத்தின் நடுவிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். முன்னின்ற ரிச்சர்ட் மலெபிஸ் உள்ளிட்ட பிரபுக்கள் கடனாளிகள். கிறிஸ்தவர் வட்டிக்குக் கொடுப்பதைத் திருச்சபை தடுத்திருந்தது. யூதருக்கு மற்றத் தொழில்களின் கதவுகள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. கடன் வாங்கியவர்கள் கடனைத் தீர்க்க விரும்பவில்லை, கடன் கொடுத்தவரைத் தீர்க்க விரும்பினார்கள். மதவெறி தெருவில் இருந்தவர்களுக்கு. கணக்கு முன்னே நின்றவர்களுக்கு.

இதை நாம் எப்படி அறிவோம்? யோர்க்குக்கு வடக்கே நியூபர்க் என்ற இடத்தில் ஒரு மடத்தில் வாழ்ந்த வில்லியம் என்ற துறவி, சில ஆண்டுகளுக்குள்ளேயே விரிவாக எழுதி வைத்தார். அவருக்கு யூதர்கள்மேல் அன்பில்லை. அவர்களுடைய செல்வத்தையும் செருக்கையும் பழித்தே எழுதுகிறார். ஆனால் கும்பலின் நோக்கம் கொள்ளை என்பதையும், பத்திரங்கள் எரிக்கப்பட்டதையும், வாக்குக் கொடுத்து வெளியே அழைத்துக் கொன்ற வஞ்சகத்தையும் அவர் மறைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களைப் பிடிக்காத ஒருவர், பாதிப்பைத் திரிக்காமல் பதிவு செய்தார். முப்பது ஆண்டுகள் ஆசிரிய பீடங்களில் இருந்தவன் என்ற வகையில் சொல்கிறேன், இது எளிதான காரியமன்று. தனக்கு உவப்பில்லாத சமூகத்தின் செய்தியை நேராக எழுதியவர்களை இந்தத் தொழிலில் விரல்விட்டு எண்ணலாம்.

அரசு என்ன செய்தது? மன்னனின் பிரதிநிதி மே மாதத்தில் படையோடு வந்தார். அதிகாரியும் காவலரும் பதவி நீக்கப்பட்டார்கள், நகரப் பிரமுகர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. முன்னின்றவர்கள் ஓடிவிட்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. 1194இல் புதிய ஒழுங்கு வந்தது. இனிமேல் கடன் பத்திரங்கள் இரண்டு பிரதிகளில் எழுதப்பட்டு, ஒன்று அரச பேழையில் பூட்டி வைக்கப்படும். யூதர்களின் பணத்தில் மன்னனுக்கு வரும் பங்கு இனிமேல் தீயில் போகாது. கடதாசிக்குக் கிடைத்த காவல் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. 1290இல் முதலாம் எட்வேர்ட் அவர்கள் எல்லோரையும் நாட்டைவிட்டே வெளியேற்றினான்.

கையில் பெயர்ப் பட்டியலோடு வந்த கும்பல், வேடிக்கை பார்த்த காவல், பின்னர் எவரும் தண்டிக்கப்படாமை. 1983 ஆடியைக் கண்ட எங்கள் வாசகர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. நான் அப்போது பள்ளிச் சிறுவன். ஆயினும் அந்த ஒப்பீட்டுக்காக மட்டும் யோர்க்குக்குப் போவதை நான் விரும்பவில்லை. அங்கே இறந்தவர்கள் நமக்கு உவமையாவதற்காக இறக்கவில்லை. அவர்களை அவர்களாகவே பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதை.

மேட்டின் அடியில் ஒரு நினைவுக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. பதித்த ஆண்டு 1978. சம்பவம் நடந்து 788 ஆண்டுகளின் பின்னர். மலெபிஸும் வேறு சிலரும் தூண்டிவிட்ட கும்பல் என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. நகர மக்கள் என்ற சொல்லைக் காணோம். தண்டம் கட்டியவர்கள் நகரத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதை வாசிக்க வேண்டும். ஆனாலும் தாமதமாக வைத்தவர்களை, வைக்காதவர்களோடு சேர்த்து நான் ஏசமாட்டேன். மேட்டின் அருகே பெரிய கடைத்தொகுதி கட்டும் திட்டம் பொது விசாரணையின் பின் 2003இல் நிராகரிக்கப்பட்டது. மேட்டின் அடியைத் தோண்டிப் பார்வையாளர் நிலையம் அமைக்கும் திட்டம் ஊரவரின் எதிர்ப்பால் 2018இல் கைவிடப்பட்டது. மதிலை எட்டி காத்ததைப் போல இதையும் சாதாரணக் குடிமக்களே காத்தார்கள். 2022இல் கோபுரத்தின் உள்ளே மரத்தளமும் நடைபாதைகளும் அமைத்துத் திறந்துவிட்டார்கள். மேலே ஏறினால் முழு நகரமும் தெரியும். ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. படிகள் செங்குத்தானவை.

யூதர்கள் யோர்க்கில் இரவு தங்கக் கூடாது என்று ஒரு பழைய தடை இருப்பதாகப் பலர் சொல்வார்கள். அதற்கு மத்திய கால ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. படுகொலையின் பின் சில ஆண்டுகளுக்குள் யூதர்கள் அங்கே திரும்பி வந்து, 1290 வரை வாழ்ந்தார்கள். அவர்களுள் ஆரன் என்பவர் நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். 2023ஆம் ஆண்டு, ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளின் பின்னர், யோர்க்கின் சிறிய யூத சமூகத்துக்கு ஒரு ரபி பொறுப்பேற்றார். ஒரு பெண். நாம் இரண்டு இரவு தங்குவதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று மருமகனிடம் கேட்கவிருக்கிறேன்.

பேராலயத்தை இரண்டாம் நாளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். அதை வெறுத்து அன்று. கிழக்குப் பெருஞ்சாளரத்தை 1405க்கும் 1408க்கும் இடையில் ஜோன் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் செய்து முடித்தார். உலகத்தின் தொடக்கமும் முடிவும் அதில் உண்டு. அவருக்குக் கிடைத்த கூலி 56 பவுண். பல ஆண்டுத் திருத்த வேலைகளின் பின் 2018இல் அதன் கண்ணாடிகள் எல்லாம் மீண்டும் பொருத்தப்பட்டன. பத்திரங்கள் எரிந்த கட்டடம் இதுவன்று, இதற்கு முன் அதே இடத்தில் நின்ற நோர்மானியப் பேராலயம். அதன் அத்திவாரத்தை நிலவறையில் காணலாம். உள்ளே செல்லக் கட்டணம் உண்டு, வழிபாட்டுக்கு வருபவரிடம் வாங்குவதில்லை. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர் நுழைய முடியாது, எங்கள் 2006ஆம் ஆண்டுக் கூட்டம் வாசலில் நின்றே திரும்பியதற்கு அதுவே காரணம். நேரம் மிஞ்சினால் கட்டணமற்ற புகையிரத நூதனசாலை. 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிய மலார்ட் என்ற நீராவி இயந்திரம் அங்கே நிற்கிறது. அதை மருமகன் பார்க்கட்டும்.

நேற்று மீண்டும் அழைத்தான். "அம்மாவாலை மதில் ஏற ஏலாது மாமா. அந்த மேடும் ஏற ஏலாது. பிறகென்ன அங்கை ரெண்டு நாள்?" என்றான்.

நியாயமான கேள்வி. மதிலில் ஏறப் படிகள்தான் வழி. ஆனால் நினைவுக் கல் மேட்டின் அடியில், நடைபாதையோடு இருக்கிறது. படி ஏறத் தேவையில்லை, காசும் தேவையில்லை. நான் காலையில் மதிலைச் சுற்றி வரும்போது அக்காவும் அவனும் பேராலயத்தில் அந்தச் சாளரத்தின் கீழ் அமர்ந்திருக்கலாம். மாலையில் மூவரும் அந்தக் கல்லடியில் சந்திப்போம். மார்ச் நடுப்பகுதியில் மலர்கள் பூத்திருக்கும். டஃபடிலுக்கு ஆறு இதழ். தாவீதின் விண்மீனுக்கும் ஆறு முனைகள் என்று அங்கே வரும் யூதர்கள் சொல்வார்களாம்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, எடின்பரோவில் ஒரு நாளைக் குறைத்து 16ஆம் திகதிக்கு அறை பார்க்கிறேன் என்றான். தடித்த அடியுள்ள சப்பாத்து ஒரு சோடி வாங்கும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.